தாமத இலக்கணம்

பாயிரம்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது மரபு. ஆக்கியோன்: கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றின் மெர்ச்சண்டைசர், பெயர் நூலுக்கு அவசியமில்லை. எல்லை: வடக்கே பிராங்க்ஃபர்ட் பொருட்காட்சி வளாகம், தெற்கே கரூர் பேருந்து நிலையம், நடுவே வளைகுடாவில் விமானம் மாறும் இடம். நுதலிய பொருள்: வேலையாக வெளிநாடு போனவன் வீடு திரும்பும்போது படுகிற தாமதம். கேட்போர்: ஜனவரியில் அவ்வழியே திரும்பும் கொங்கு நாட்டார் அனைவரும். களம்: ஒரு கேட்டின் எதிரே, பிளக் பாயின்ட் இல்லாத நாற்காலி. வழி: முதனூல். முன்பு இத்துறையில் நூல் செய்தவர்கள் எல்லாரும் விமானத்தின் பக்கம் நின்று செய்தார்கள். பயன்: ஒன்றுமில்லை. நூல் எழுதியதால் எந்த விமானமும் முன்னதாக வந்ததில்லை.

குறும்பயணம் ஆவது

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் பிராங்க்ஃபர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் என்னும் வீட்டுத் துணிக் கண்காட்சி நடக்கிறது. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் என்று நெய்து விற்கிற ஊர்களெல்லாம் அங்கே கூடும், கரூரும் கூடும். வளாகத்தின் முன்னே சுத்தியலை ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருக்கும் அந்த நெட்டைக் கறுப்புச் சிலையின் காலடியில் அந்த வாரம் கொங்குத் தமிழ் கேட்கும்: "ஏனுங்க, பத்தாம் நம்பர் ஹாலு எந்தப் பக்கமுங்க?" தேதி குறிக்கிற ஜெர்மானியர்களுக்குப் பொங்கல் ஒரு பொருட்டல்ல. 2024இல் ஜனவரி 9 முதல் 12 வரை வைத்தார்கள். முடித்த கையோடு கிளம்பினால் போகிக்கு வீடு சேரலாம் என்று கணக்குப் போட முடிந்தது. 2025இல் 14 முதல் 17 வரை. பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் கரூர்க்காரர்கள் ஸ்டாலில் நின்று பையருக்குத் துணியின் எடைக் கணக்கான ஜி.எஸ்.எம். விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே இத்தொழிலில் திரும்பி வருவதற்கும் முகூர்த்தம் உண்டு. அது தப்பவும் செய்யும்.

நாட்களைவிடத் தாள்கள் அதிகமாக உள்ள பயணம் குறும்பயணம் எனப்படும். ஷெங்கன் சட்டம் 180 நாளில் 90 நாள் வரை தங்க இடம் கொடுக்கிறது. தூதரகமோ கண்காட்சி நாட்களை எண்ணி, மேலே ஒரு கைப்பிடி போட்டு அளந்து கொடுக்கிறது. அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், இவற்றின் நகல், நகலின் நகல்.

செல்வோர் மூவர். முதலாளி பையரோடு சாப்பிடுவார். முதலாளியின் மகன் அடுத்தவர் ஸ்டாலை யாரும் பார்க்காதபோது படம் எடுப்பார். வேலையாள் பெட்டி தூக்குவான். பெட்டியில் சாம்பிளும், சாம்பிளுக்கு அடியில் பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கும். கண்காட்சி வாரத்தில் பிராங்க்ஃபர்ட் ஓட்டல் வாடகை கைக்கு எட்டாது என்பதால் மைன்ட்ஸிலோ ஆஃபன்பாக்கிலோ தங்கி, தினமும் எஸ்-பான் ரயிலில் வந்துபோவார்கள். விரிப்பின் பெருகும்.

போகும் வழியில் நேரும் தாமதத்தை இந்நூல் கொள்ளாது. அது நிறுவனத்தின் நேரம்.

முன்னோர் கொள்கையும் மறுப்பும்

தாமதத்தை வகுத்தவர்கள் முன்பே உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, உலகத்துத் தாமதங்கள் அனைத்தையும் இரண்டிலக்க எண்களுக்குள் கட்டி வைத்திருக்கிறது. பயணி நேரங்கழித்து செக்-இன் செய்தால் 11. எரிபொருள் நிரப்பத் தாமதமானால் 36. விமானத்தில் பழுது என்றால் 41. புறப்படும் ஊரில் வானிலை சரியில்லாவிட்டால் 71, போய்ச் சேரும் ஊரில் சரியில்லாவிட்டால் 72. இறக்கையில் படிந்த பனிக்கட்டியை நீக்க 75. குடியேற்றம், சுங்கம், சுகாதாரம் மூன்றும் சேர்த்து 86. சொந்த ஊழியர் வேலைநிறுத்தம் 97, பிறர் வேலைநிறுத்தம் 98. எதிலும் அடங்காதது 99. நம் இலக்கண நூலார் கடைசியில் புறனடை வைப்பார்களே, அது. தேர்ந்த கை செய்த வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் 93 தனித்துப் பேசத்தக்கது. நாம் ஏற வேண்டிய விமானம் முந்தைய ஊரிலிருந்து தாமதமாக வந்தால் அது 93. அந்த ஊருக்கு அது ஏன் தாமதமாகப் போயிற்று என்று கேட்டால், அதற்கும் முந்தைய ஊரிலும் 93. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர் போய்வருவதால், காலையில் எங்கோ யாருக்கோ நேர்ந்தது மாலையில் நம் தலையில் விடிகிறது. சைவ சித்தாந்திகளுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. முன்னே ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். கேட்டில் உட்கார்ந்திருப்பவன் அனுபவிப்பது பிராரத்தம். எல்லாரும் ஏறி அமர்ந்த பிறகு டியூட்டி ஃப்ரீ பையோடு ஓடி வருகிறாரே ஒருவர், அவர் செய்வது ஆகாமியம். அடுத்த ஊரில் ஏறப்போகிற, அவரை வாழ்நாளில் பார்க்கப்போகாத மக்கள் அதை நுகர்வார்கள். மெய்கண்டார் மரபில் வந்தவர் ஒருவர் ஐயாட்டா குழுவில் இருந்திருக்க வேண்டும்.

இனி மறுப்பு. இந்த எண்கள் எல்லாம் ஏன் தாமதம் என்று சொல்வதற்கு ஏற்பட்டவை. விமான நிறுவனத்துக்கு அது வேண்டும், யார் கணக்கில் பழியை எழுதுவது என்று பார்க்க. காத்திருப்பவனுக்கு முதல் கேள்வி எப்போது என்பதுதான். ஏன் என்று அவன் கேட்பது எப்போது என்பதற்குப் பதில் வராதபோது. மேலும் இந்த எண்களில் நம் நாட்டுக்கு இடம் போதவில்லை. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் பழைய பாயும் துணியும் டயரும் எரித்த புகை, பனியோடு கூடி ஓடுபாதையை மறைத்ததால், இறங்க வந்த பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஐயாட்டாவின் ஏட்டில் இதை 72இல்தான் அடைக்க வேண்டும்: வானிலை. பழைய பாய் எப்படி வானிலை ஆகும்? திரைச்சீலை விற்றுத் திரும்புகிறவனை ஊருக்குள் இறங்கவிடாமல் தடுத்தது, யாரோ வீட்டில் கழித்துப் போட்ட திரைச்சீலையாகவும் இருக்கலாம். அந்தச் சுவை அந்த எண்ணில் இல்லை.

ஆதலால் இந்நூல் தாமதத்தைக் காரணம் பற்றி வகுக்காது. அது பயணிக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்பது பற்றி வகுக்கும்.

அறிவிப்பியல்

தலையாயது தவணைத் தாமதம். திரையில் 2:40 என்று இருப்பது 3:10 ஆகும். 3:05க்கு 3:40 ஆகும். மூன்றே முக்காலுக்கு மைக்கில் ஒரு குரல் பொறுமைக்கு நன்றி சொல்லும், எண் 4:15 ஆகும். இவ்வகையில் ஒருவன் சாப்பிடப் போக முடியாது, கண்ணயர முடியாது, வீட்டுக்குச் செய்தி சொல்லவும் முடியாது. சொன்னால் அரை மணியில் திருத்த வேண்டும். ஆறு மணி நேரம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் அது ஒரு தாமதம். அதையே அரை அரை மணியாகச் சொன்னால் பன்னிரண்டு தாமதம். கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்று, உடம்புக்கு அல்ல. தாமதத்தை மணியால் அளப்பவர்கள் இதைக் காண்பதில்லை. எத்தனை முறை அறிவித்தார்கள் என்று எண்ண வேண்டும் என்பதே இந்நூலின் துணிபு.

இந்த வகை கரூர்க்காரனுக்குப் புதிதன்று. சாயப்பட்டறைக்குப் போன் போட்டுப் பழகியவன் அவன். "நூலு வண்டியேறிருச்சுங்க." "கலர் புடிச்சாச்சுங்க, காயப் போட்டிருக்குதுங்க." "நாளைக்குக் காலையில உங்க கம்பெனி வாசல்ல இருக்குமுங்க." வாங்கிய பதிலை அவன் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. நல்ல ஆங்கிலத்தில் போட்டு ஹாம்பர்க் பையருக்கு அனுப்புகிறான்: லேப் டிப் என்னும் சாய மாதிரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம், தூத்துக்குடியில் கன்டெய்னர் தட்டுப்பாடு, அடுத்த வாரம் உறுதி. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியே போகத் தொடங்கியபோது, தொழிலுக்கே மாபெரும் காரணம் ஒன்று கிடைத்தது, அதுவும் உண்மையான காரணம். அதன் நிழலில் எத்தனை தறிக் கோளாறுகள் ஒதுங்கிக்கொண்டன என்பதை இந்நூல் ஆராயாது.

ஆகவே கேட்டில் மைக் பிடித்து நிற்கும் பெண்மணியிடம் மற்றவர்கள் சண்டைக்குப் போகும்போது மெர்ச்சண்டைசர் போவதில்லை. அவருக்கும் பின்னால் எங்கோ ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. அங்கிருந்து வந்ததை அவரும் நல்ல ஆங்கிலத்தில் போட்டுச் சொல்கிறார். "முப்பது நிமிடத்தில் அடுத்த தகவல்" என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு தொழில் நேர்த்தி இருந்தது: விமானம் வரும் என்று அவர் சொல்லவே இல்லை.

இரண்டாவது ஊமைத் தாமதம். புறப்படும் நேரம் கடந்துவிடும்; திரை மட்டும் குறித்த நேரம் என்றே காட்டிக்கொண்டிருக்கும்; கண்ணாடிக்கு வெளியே விமானமே இராது. இவ்வகை நேரும் கேட்டில் ஒரு சோதிடர் தோன்றுவார். கையில் ஃப்ளைட்ரேடார் இருக்கும். பறக்கும் விமானங்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே ஒலிபரப்பிக்கொண்டு போகின்றன; தரையில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் ரிசீவர்கள் அதைப் பிடித்து உலகுக்குக் காட்டுகின்றன. "நம்ம ப்ளைட்டு இப்பத்தானுங்க துருக்கி மேல வந்திட்டிருக்குது" என்று அவர் திருவாய் மலர்வார். ஐந்து நிமிடத்தில் கேட் முழுக்க அது பரவிவிடும். கவுண்டருக்கும் தெரியும், சொல்ல அனுமதி வரவேண்டும்.

மூன்றாவது ஏற்றி வைத்த தாமதம். பெல்ட் போட்டு, கதவு சாத்தி, நகராமல் இருப்பது. பிராங்க்ஃபர்ட் ஜனவரியில் இதற்கு முதற்காரணம் பனி. இறக்கையில் பனிக்கட்டி ஒட்டியிருந்தால் அதன் மேல் காற்று ஓடும் ஒழுங்கு குலைந்து தூக்குவிசை குறையும். ஆகவே துடைத்து எடுக்காமல் மேலே ஏறக்கூடாது என்பது விதி. நீண்ட கை வைத்த வண்டி வந்து, கிளைக்காலும் நீரும் கலந்த சுடுதிரவத்தைப் பீய்ச்சும். அது ஆரஞ்சு நிறம். கொட்டும் பனி மறுபடி ஒட்டாதிருக்க அதன்மேல் கெட்டியான இன்னொன்று பூசுவார்கள்; அது பச்சை. ஆவி பறக்க நிறம் ஏறுவதை ஜன்னலோரம் இருந்து பார்க்கிற கரூர்க்காரனுக்கு ஷேடு சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். பச்சைப் பூச்சுக்குக் கெடு உண்டு. பனியின் வேகத்தைப் பொறுத்து அது கரையும். ஓடுபாதை வரிசை நீண்டு கெடு தாண்டினால் திரும்பி வந்து முதலிலிருந்து பூச வேண்டும். மழையாக விழுந்து பட்ட இடத்தில் உறைகிற உறைமழை வலுத்தால் பூச்சும் நிற்காது. 2024 ஜனவரி 17 அன்று பிராங்க்ஃபர்ட்டில் அதுதான் நடந்தது. அன்றைய விமானங்களில் பெரும்பாலானவை ரத்தாயின. கண்காட்சி முடிந்து, ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று தங்கியவர்கள் அன்று நன்றாகச் சுற்றினார்கள், விமான நிலையத்துக்குள்.

இதில் கிளையொன்று உண்டு. அந்த விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை அட்டவணை விமானம் எதுவும் ஏறவோ இறங்கவோ கூடாது. சுற்றுப்புற மக்கள் தூங்க வேண்டும் என்பதற்காக 2011 அக்டோபரில் வந்த தடை. 2012 ஏப்ரலில் லைப்ட்சிக்கிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதமானவற்றுக்கு நள்ளிரவு வரை கொஞ்சம் தளர்வு கிடைக்கலாம், அனுமதி வாங்கினால். எனவே பத்தரை மணிக்குப் பூச்சுக்கு வரிசையில் நிற்கும் விமானத்துக்குள் இருப்பவர் அனைவரும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆனாலும் ஏற்றி வைத்த தாமதம் மற்றவற்றைவிட மேல் என்பதே எம் கருத்து. வண்டி தெரிகிறது, திரவம் தெரிகிறது, வரிசையில் நமக்கு முன்னே எத்தனை விமானம் என்று தெரிகிறது. யாரும் எதுவும் அறிவிக்க வேண்டியதில்லை.

நான்காவது ஒட்டுத் தாமதம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் பிந்தினால் வளைகுடாவில் பிடிக்க வேண்டிய இரண்டாம் விமானம் போய்விடும், அடுத்தது மறுநாள். இரண்டு இருபத்துநாலு ஆகும் இந்தப் பெருக்கல் எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை. இதைப் பற்றி இவ்வளவு போதும். பட்டவர்க்குச் சொல்ல வேண்டாம்.

ஐந்தாவது வாய்மைத் தாமதம். அரிது. "விமானம் நாளைக் காலை ஒன்பது மணிக்கு. ஓட்டல் பேருந்து வெளியே நிற்கிறது." கூட்டம் ஒரு நிமிடம் கொதிக்கும், பிறகு பை எடுத்துக்கொண்டு கலையும். பார்த்தவர்கள் அறிவர், அவ்வளவு வேகமாகக் கோபம் அடங்குவது வேறு எந்த வகையிலும் இல்லை. இந்தியாவிலும் 2024 ஜனவரியில், டெல்லிப் பனிமூட்டத்தில் காத்துச் சலித்த பயணி ஒருவர், தாமதத்தை அறிவிக்க வந்த விமானியையே அடித்த பிறகு, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இதை ஒட்டி ஒரு நடைமுறை வகுத்தது: மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம், பயணிகளுக்கு உடனுக்குடன் உண்மை நிலையைத் தெரிவிக்க வேண்டும்.

இதற்கொரு புறனடை. ஒருமுறை நுழைவு விசாக்காரருக்கு ஓட்டல் பேருந்து இல்லை. எல்லையில் அவர் வெளியேறியதாகப் பதிவாகிவிட்டது. சட்டப்படி அவர் ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார். உடம்பு மட்டும் முதல் டெர்மினலில் இருக்கிறது. காவல்துறை மனம் வைத்து அந்தப் பதிவை ரத்து செய்தாலொழிய அவருக்கு மடக்குக் கட்டில், மெல்லிய போர்வை. போர்வையைத் தடவிப் பார்த்துப் பாலியெஸ்டர் என்று முகம் சுளிக்கிறவர் எம் ஊர்க்காரர் என்று அறிக.

ஈட்டியல்

எங்கள் தொழிலில் சரக்கு பிந்தினால் பையர் தள்ளுபடி கேட்பார், அல்லது விமானத்தில் அனுப்பு, கூலி உன்னுடையது என்பார். பிந்திய திரைச்சீலை பறக்கும்; பிந்திய மனிதன் பெஞ்சில் கிடப்பான். ஐரோப்பாவில் இதற்கு ஓரளவு நேர் செய்திருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானத்துக்கு ஈட்டுத்தொகை உண்டு: தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. நம் ஊர் 3,500 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே 600. ரத்துக்கு மட்டும் இருந்ததை, மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் பிந்தி வந்து சேர்வதற்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் நீட்டியது. கரூர் பாஷையில் டெபிட் நோட். காத்திருக்கும்போது உணவும், இரண்டு தொலைபேசி அழைப்போ டெலக்ஸோ ஃபேக்ஸோ மின்னஞ்சலோ இலவசம் என்றும் விதி சொல்கிறது. கரூருக்கு ஒரு டெலக்ஸ் அனுப்ப வேண்டும் என்று கவுண்டரில் கேட்டுப் பார்க்கும் துணிவு இதுவரை எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அசாதாரணச் சூழல் என்று நிறுவனம் நிறுவிவிட்டால் ஈட்டுத்தொகை கிடையாது. எது அசாதாரணம்? இங்கே நீதிபதிகள் உரையாசிரியர்களைத் தோற்கடிக்கிறார்கள். வழக்கமான இயந்திரப் பழுது அசாதாரணம் ஆகாது என்றது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பறவை மோதினால் அசாதாரணம் என்றது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இவற்றுக்கெல்லாம் மணிமுடி 2014இல் வந்தது. சால்ஸ்புர்க்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடம் சேர்ந்தபோது 3 மணி 3 நிமிடம். வந்து சேர்தல் என்பது எது? சக்கரம் தொட்டதா, நின்றதா? கதவுகளில் ஒன்றாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வருவதே வந்து சேர்தல் என்று நீதிமன்றம் விடை சொன்னது. அடைபட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பவன் தன் வேலையைப் பார்க்க முடியாது, வெளியுலகோடு தடையில்லாமல் பேச முடியாது. அதுவரை அவன் நேரம் அவனுடையதல்ல என்பது காரணம். தாமதத்தைப் பயணியின் இருக்கையிலிருந்து பார்த்து எழுதிய வாக்கியம் சட்டத்தில் அது ஒன்றுதான் எம் கண்ணில் பட்டது.

ஒழிபியல்

மேலே அடங்காதன சில. தாமதமாக வந்தவன் பிடிக்க வேண்டிய ரயில் தாமதமாவதில்லை. சென்னை எழும்பூரிலிருந்து திருச்சி வழியாகக் கரூர் போகும் மங்களூர் எக்ஸ்பிரஸ் மற்ற நாட்களில் எப்படியோ, அன்று சரியான நேரத்துக்குப் போய்விடும். பிறகு கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டம் எதிரே வந்துகொண்டிருக்க, நாம் மட்டும் ஊர் போகும் பேருந்தில் இடம் தாராளமாகக் கிடைத்துப் படுத்துக்கொண்டு போகலாம். பண்டிகையைத் தவறவிட்டவனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை. வீட்டில் கரும்பு ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பார்கள், காய்ந்திருக்கும்.

பெட்டி வேறு அதிகாரம். ஆள் வந்த விமானத்தில் பெட்டி வரவேண்டும் என்பதில்லை. 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 21 நாள் கழிந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொள்ளலாம்; அதற்குள் அது வெறும் பிந்திய பெட்டி. பெட்டியில்தான் பையர் பேனாவால் குறித்துக் கொடுத்த சாம்பிள் இருந்தது: ஓரத்தை அரை சென்டிமீட்டர் குறை, நீலத்தை ஒரு படி அடக்கு. அதைப் பார்த்துத்தான் புது சாம்பிள் போட வேண்டும்.

பையர் திங்கட்கிழமை கேட்டார். புதன்கிழமை அனுப்புகிறோம் என்று எழுதினோம். செவ்வாய் மாலை அதை வெள்ளி என்று திருத்தி, பொறுமைக்கு நன்றி சொன்னோம்.